எட்டாவது நட்டுக்கு வைத்த பொட்டு

கார் டயருக்கு அடிக்கும் காற்றை கார் எஞ்சினுக்கு அடிப்பதுதான் என் பிழைப்பு. சாதாரண எஞ்சின் தானாக மூச்சிழுத்துக்கொண்டு சிவனே என்று ஓடும். அதன் புகைக்குழாயில் ஒரு டர்போவை மாட்டி, வெளியே போகிற புகையாலேயே ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, காற்றை அமுக்கி உள்ளே திணித்தால் அதே எஞ்சின் மூன்று எஞ்சின் வேலை செய்யும். அல்லது வெடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் எனக்குக் கூலி.

இப்படிச் சொன்னால் என்னை ஏதோ தைரியசாலி என்று நினைப்பீர்கள். வீட்டில் குக்கர் விசில் ஒரு நிமிஷம் தாமதமானால் நான் ஹாலுக்குப் போய்விடுவேன். என் மனைவிதான் கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தட்டிவிட்டு, "வரலாம், ஒன்னும் ஆகல" என்று குரல் கொடுப்பாள். எனக்கு ஐம்பத்தொரு வயது. வெடித்துவிடுமோ என்று பயப்படுகிறவன்தான் வெடிக்காத எஞ்சின் கட்ட முடியும் என்று ஒரு தத்துவம் வைத்திருக்கிறேன். வேறு எதை வைத்துச் சமாளிப்பது?

இரும்புலியூரில் வீட்டுக்குக் கீழேயே பட்டறை. மேலே சமையல், கீழே எஞ்சின். கியர் ஆயில் வாசமும் வெங்காய வடை வாசமும் மாடிப்படியில் சந்தித்துக்கொள்ளும். அங்கேதான் போன வருஷம் சேலையூரிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். பழைய கார் ஒன்று வைத்திருந்தார். கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்தில் ஒரே ஒரு தடவை அதை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் எஞ்சின் கட்டினாங்க பாஸ்," என்றார். "ரெண்டும் போச்சு. இந்த மாடலுக்கு பிளாக் எங்கயும் கிடைக்கல. இது மூணாவது, கடைசி. இதுவும் போனா நான் பேசாம பல்ல மட்டும் பார்த்துட்டு இருந்துடுவேன்."

எத்தனை காற்றுக்குத் தாங்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டரை 'பார்' அழுத்தம் என்றார். பங்க்கில் டயருக்கு அடிப்பதைவிடவும் கொஞ்சம் கூட. காரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். "ஓ, செஞ்சிடலாமே," என்றேன்.

மூன்று மாதம் ஆனது. பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் அடித்து உருவாக்கிய கெட்டி உலோகத்தில் வாங்கினோம். எஞ்சினின் உடம்பான பிளாக்கில் பிஸ்டன் ஓடும் துளைகளைக் கடைந்தது பல்லாவரத்தில் லேத் வைத்திருக்கும் என் நண்பன். முப்பது வருஷப் பழக்கம். மேலே மூடும் ஹெட், அதாவது தலை, இல்லாமல் பிளாக்கைக் கடைந்தால் துளை வட்டமாக வரும், தலையை வைத்து முறுக்கியதும் கோணிக்கொள்ளும் என்று கனமான பொய்த்தகடு ஒன்றை மேலே முறுக்கிவைத்துக் கடைந்து கொடுத்தான். அதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கிணறு வெட்டியிருக்கலாம்.

டாக்டர் வாராவாரம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஆள் கேட்கக் கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது. ஒருநாள் முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தேன்.

"டாக்டர், பிளாக்குதான் கீழ்த்தாடை. ஹெட்டு மேல்தாடை. நடுவுல காத்து கசியாம இருக்க கேஸ்கெட்டு. உள்ள ஒவ்வொரு தடவ வெடிக்கும்போதும் அது மேல்தாடைய தூக்கப் பாக்கும். தூக்கவிடாம புடிச்சிருக்கிறது இந்தப் பத்து ஸ்டட்டு கம்பியும் பத்து நட்டும்தான். டர்போ, பிஸ்டன்னு எல்லாரும் அதையே பேசுவாங்க. ஒரே ஒரு நட்டு கொஞ்சம் லூசா இருந்தா போதும், கதை முடிஞ்சுது."

"ஆடுற பல்லு," என்றார் டாக்டர்.

"அதேதான். நம்ம கிட்ட அந்தப் பேச்சே கிடையாது. ஏன்னா நமக்கு ஒரு முறை இருக்கு."

என் முறையைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் என் மானம் போனது. நட்டுகளை மூன்று சுற்றாக முறுக்குவேன். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போக வேண்டும். முறுக்கின் அளவு காட்டும் டார்க் ஸ்பானரால்தான் முறுக்குவேன். போதும் என்கிற இடத்தில் அது 'டக்' என்று சொல்லும். மூன்றாவது சுற்றில் ஒவ்வொரு நட்டு முடிந்ததும் அதன் தலையில் சிவப்பு பெயிண்டால் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் பாக்கி. நடுவில் யாராவது கூப்பிட்டால் ஸ்பானரை அடுத்த நட்டின்மேல் அப்படியே நிறுத்திவிட்டுப் போவேன். இந்த இரண்டு ஏற்பாடும் இருக்கும்போது எமன் வந்து கூப்பிட்டாலும் போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பீற்றிக்கொள்வேன்.

எமன் வரவில்லை. ஆயுத பூஜை வந்தது.

அன்று காலை மூன்றாவது சுற்றில் ஏழு நட்டு முடித்திருந்தேன். ஏழு சிவப்புப் புள்ளி. எட்டாவதன்மேல் ஸ்பானரை வைத்தபோது தெருவிலிருந்து நண்பன் கத்தினான்.

"மச்சான், பூசணிக்கா வாங்க வர்றியா இல்லியா? லேட்டா போனா சொத்தையத்தான் தலைல கட்டுவான். வண்டிய நடு ரோட்டுல வுட்டுகினு நிக்கறேன், பின்னால ஒருத்தன் ஆரன் அடிச்சே சாவறான்."

ஸ்பானரை எட்டாவதன்மேல் நிறுத்திவிட்டுப் புறப்பட்டேன். மனைவி சந்தனக் கிண்ணத்தோடும் தண்ணீர்ச் செம்போடும் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். எனக்குப் பதறிவிட்டது.

"எஞ்சின் பக்கம் தண்ணி போகக் கூடாது. சந்தனமும் கூடாது. இந்த ஸ்பானர்லயும் படக் கூடாது, அது மெஷரிங் ஐட்டம். தங்கம் மாதிரி."

"அப்ப எஞ்சினுக்குப் பொட்டே வெக்க வேணாமா? இருக்கறதுலயே பெரிய ஆயுதம் அதுதானே."

"குங்குமத்த நல்லெண்ணெயில குழைச்சு ஒரு பொட்டு வெச்சுக்க. எண்ணெய்னா ஒன்னும் ஆகாது."

தண்ணீர் பட்டால் துரு, எண்ணெய் பட்டால் நல்லது. விஞ்ஞானபூர்வமாக யோசித்ததாக ஒரு கர்வத்தோடுதான் வண்டியில் ஏறினேன்.

தாம்பரம் மார்க்கெட்டில் வாழைக்கன்றுக்கும் பொரிமூட்டைக்கும் நடுவே புகுந்து திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆனது. வந்தால் பூஜை தயார். ஸ்பானர்கள், சுத்தியல், ஜாக்கி எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் வரிசையாக, நடுநாயகமாக என் டார்க் ஸ்பானர், கைப்பிடியில் சாமந்திப்பூ. பார்க்கவே பெருமையாக இருந்தது. அது அங்கே இருக்கக் கூடாது, எட்டாவது நட்டின்மேல் இருக்க வேண்டும் என்று என் தலையில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்றுக்கு அப்போது தோன்றவில்லை. அது சுண்டல் பக்கம் போயிருந்தது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக் கூடாது. மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டு எடுத்தோம். எஞ்சின்மேல் மூடியிருந்த துணியை விலக்கினேன். எண்ணினேன். பத்து நட்டு, பத்து சிவப்புப் புள்ளி. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். 'பத்துக்குப் பத்து' என்று எழுதி, கூடவே ஒரு பல் படமும் போட்டேன். மேல்மூடியைப் போட்டு இறுக்கினேன். எஞ்சினைக் காரில் இறக்கி ஸ்டார்ட் செய்தோம். பூனைக்குட்டி மாதிரி ஓடியது. இரண்டு சுற்று முறுக்கிய நட்டு சும்மா ஓடும்போது எதையும் காட்டிக்கொடுக்காது. காற்றை ஏற்றும்போதுதான் வாயைத் திறக்கும்.

ஞாயிறு பந்தயம். சனிக்கிழமை காலை வண்டலூர் தாண்டி ஒரு கொட்டகையில் டைனோவுக்கு நேரம் வாங்கியிருந்தோம். டைனோ என்றால் காரை உருளைகள்மேல் கட்டிவைத்து, நின்ற இடத்திலேயே முழு வேகம் ஓட்டிப் பார்ப்பது. நடத்துவது ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், என்ஜினியர். எது நடந்தாலும் முகம் மாறாது. "ஒரு மணி வரைக்கும் உங்க டைம் அண்ணா. அதுக்கப்புறம் வேற வண்டி," என்று எங்களைப் பார்க்காமலே சொன்னார். பக்கத்தில்தான் மிருகக்காட்சிசாலை. கொட்டகையில் பெரிய எஞ்சின் ஏதாவது உறுமினால் அங்கே சிங்கம் பதில் கொடுக்கும் என்று என் நண்பன் அடித்துச் சொல்வான்.

ஒன்பது மணிக்கு, பாதிக் காற்றில் முதல் ஓட்டம். எல்லாம் சரி. டாக்டர் கைதட்டினார். அடுத்தது இரண்டரை பார். அதற்குமுன் சக்கர நட்டுகளைச் சரிபார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்து டார்க் ஸ்பானரை எடுத்தேன்.

கைப்பிடியில் வட்டமாக ஒரு சிவப்புப் புள்ளி.

இதில் நான் எப்போது பெயிண்ட் வைத்தேன்? கட்டைவிரலால் தேய்த்தேன். விரலோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

 மார்க்கெட், பூசணிக்காய், சுண்டல் எல்லாம் பின்னோக்கி ஓடி, எட்டாவது நட்டின்மேல் போய் நின்றது. போனில் அந்தப் போட்டோவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு புள்ளிகள் கோணல்மாணலாக, ஒன்று வாலோடு, என் கைவண்ணம். மூன்று புள்ளிகள் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம். எனக்கு இந்த ஜென்மத்தில் அப்படி ஒரு புள்ளி வைக்க வராது.

"ரெடியா அண்ணா?" என்றார் டைனோ பெண், விசையில் கை வைத்து.

மூடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டியதுதானே? நேர்மையான மனிதன் அதைத்தான் செய்வான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ராகு காலம்," என்றேன். "சனிக்கிழம ஒன்பதுலேர்ந்து பத்தரை."

என் நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முப்பது வருஷத்தில் நான் ராகு காலம் பார்த்து அவன் பார்த்ததில்லை. டாக்டர் சிரித்தார். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க பாஸ். எனக்கு ராகு காலம் கிடையாது."

"வண்டிக்கு இருக்கு டாக்டர்."

"வண்டி என் பேர்லதான இருக்கு?"

"வண்டி உங்களுது. எஞ்சின் நான் கட்டினது. அதுக்கு என் ஜாதகந்தான்." என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "டீ சாப்பிட்டுட்டு வந்துடறேன்," என்று கொட்டகைக்குப் பின்னால் ஓடி மனைவிக்குப் போன் போட்டேன்.

"எஞ்சின்ல பொட்டு வெச்சியா?"

"வெச்சேனே. நீங்கதான எண்ணெயில குழைச்சு வெக்கச் சொன்னீங்க."

"எதுல வெச்ச?"

"மேல வரிசையா நட்டு இருந்துச்சுல்ல, அதுலதான். எல்லாத்துக்கும் நீங்களே பொட்டு வெச்சுட்டிருந்தீங்க. பரவால்லயே, இந்த மனுஷனுக்கு பக்தி வந்துடுச்சேன்னு நினைச்சுக்கிட்டேன். கொஞ்சம் மட்டும் வெறும் நெத்தியா நின்னுச்சு. நல்ல நாள் அதுவுமா பார்க்க நல்லாவா இருக்கு? அதான் அதுக்கும் வெச்சேன்."

"எத்தன?"

"மூணு. இல்ல நாலு. மூணோ நாலோ வெச்சேன்."

"மூணா, நாலா?"

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? பொட்டு வெக்கறதுக்கெல்லாம் கணக்கு எழுதுவாங்களா?"

கத்தியதாக எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் என் நண்பன் நின்றிருந்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி சுண்ணாம்பு அடிச்சா மாரி கீது?"

சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"டாக்டராண்ட சொல்லிடு."

"சொல்லாம வேற மாதிரி ஏதாவது... ஆயில் லீக் மாதிரி இருக்குன்னு மூடியக் கழட்டி, நைசா முறுக்கிட்டு..."

"சூட்டுல முறுக்கக் கூடாது, ஆறணும். ரெண்டு மணி நேரம் இன்னா கதை வுடப்போற? ராகுவுக்கு அப்புறம் கேதுவா? அந்தாளு மூணு மாசமா இந்த எஞ்சின பாத்துகினு கீறான். அவனாண்ட பேஜார் பண்ணாத. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

திரும்பி நடந்தேன். இருபது அடிதான். மனதுக்குள் நான்கு பொய்கள் வரிசையில் நின்றன. முதல் பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தபோது டாக்டரின் போனைப் பார்த்தேன். நாளைக்குப் போட்டுக்கொள்ளப் போகும் ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, அவரே தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்ததால் ஹெல்மெட் பாதியில் நின்றது.

"டாக்டர்," என்றேன், "மூணு பல்லு ஆடுது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு நட்டு, பூசணிக்காய், நல்லெண்ணெய், வெறும் நெற்றி, ராகு காலம். ராகு காலத்தைத் தனியாக மன்னிப்புக் கேட்டுச் சொன்னேன். டாக்டர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து கேட்டார். ஒருவேளை எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன்.

"முழுக் காத்துல ஓட்டியிருந்தா?"

"ஹெட்டு தூக்கியிருக்கும். கேஸ்கெட்டு கிழிஞ்சு, பிளாக்கும் போயிருக்கலாம்."

டைனோ பெண் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான்கூட ஒரு தடவ எடுக்க வேண்டிய பல்ல விட்டுட்டு எதிர்ப்பக்கம் மரத்துப்போற ஊசி போட்டுட்டேன்," என்றார்.

"அப்புறம்?"

"கண்டுபிடிச்சுட்டேன். பேஷன்ட் கிட்ட, ரெண்டு பக்கமும் போட்டாத்தான் பேலன்ஸா இருக்கும்னு சொன்னேன்." ஹெல்மெட்டைக் கழற்றினார். "நீங்க ராகு காலத்தோட நிறுத்திட்டீங்க. நல்ல மனுஷன். மூடியத் திறங்க பாஸ்."

டைனோ பெண் இத்தனையையும் கேட்டுவிட்டு, முகம் மாறாமல், காருக்கு முன்னால் இருந்த பெரிய காற்றாடியை எஞ்சின்மேல் திருப்பிவிட்டார். "ரெண்டு மணி நேரத்துல கை வெக்கிற அளவுக்கு ஆறிடும் அண்ணா. ராகு காலமும் முடிஞ்சிருக்கும்."

மூடியைக் கழற்றி, கழிவு நூல் உருண்டையால் ஒவ்வொரு நட்டையும் துடைத்தேன். ஏழு புள்ளி அசையவில்லை. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் நூலோடு வந்துவிட்டன. எஞ்சின் ஆயிலில் ஊறியும் மற்றபடி சேதாரமில்லாமல் இருந்தது குங்குமம். என் மனைவியின் கை அப்படி.

ஆறியதும் முறுக்கினேன். எட்டாவது கால் சுற்றுக்கும் மேல் போனது. அப்புறம் 'டக்'. ஒன்பது, 'டக்'. பத்து, 'டக்'. மற்ற ஏழையும் வைத்துப் பார்த்தேன், அசையாமல் உடனே 'டக்' என்றன. டாக்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கினார். பத்தும் சரி.

ஆனால் அவள் மூணோ நாலோ என்றாளே.

நாலாவது எங்கே? நட்டு பத்துதான். பத்தும் சரி என்றால் நாலாவது பொட்டு எதன்மேல் இருக்கிறது? டர்போவில் ஒரு போல்ட்டா? எண்ணெய்க் குழாயா? நான் வேறு எதையாவது பாதியில் விட்டிருந்து, அதன் வெறும் நெற்றியிலும் அவள் வைத்துவிட்டாளா? மறுபடி மறுபடி போன் போட்டேன். எடுக்கவில்லை. குனிந்து, படுத்து, டார்ச் அடித்து எஞ்சின் முழுக்க இன்னொரு சிவப்பைத் தேடினேன். கைக்கெட்டிய போல்ட்டையெல்லாம் ஸ்பானர் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"பன்னெண்டே முக்கால் அண்ணா," என்றார் டைனோ பெண்.

"மச்சான், எயுந்து வா," என்றான் நண்பன். "இருக்கறது எல்லாம் டைட்டாத்தான் கீது. நீதான் லூசு."

மூடியைப் போட்டு, எஞ்சினைச் சூடேற்றினோம். டைனோ பெண் காரில் ஏறினார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், கையில் ஸ்பானரோடு. எதற்கு ஸ்பானர் என்று கேட்காதீர்கள். குக்கர் விசிலுக்குப் பயந்து ஹாலுக்கு ஓடும்போதும் கையில் கரண்டி இருக்கும்.

சத்தம் ஏறியது. டர்போவின் ஊளை மெலிதாக ஆரம்பித்து, தகரக் கூரை அதிர, என் பல்லெல்லாம் கூச ஏறியது. டாக்டர் திரையில் காற்றின் அளவைச் சத்தமாகப் படித்தார். ஒன்றரை. இரண்டு. இரண்டு கால். நான் நாலாவது, நாலாவது என்று முனகிக்கொண்டிருந்தேன். இரண்டரை என்றார். அந்த இரண்டரையில் அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஒரு பூஜைக்கு மணியடிக்கும் நேரம் இருக்கும். பிறகு டைனோ பெண் மிதியிலிருந்து காலை எடுத்தார். ஊளை இறங்கியது. எஞ்சின் பூனைக்குட்டியாகி, ஒழுக்கில்லாமல், புகையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் திரையையே பார்த்தபடி நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிங்கம் கத்துச்சு பாத்தியா," என்றான் நண்பன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது போன் அடித்தது. மனைவி.

"எதுக்கு அஞ்சு தடவ போட்டிருக்கீங்க? மாவு மில்லுல இருந்தேன். அது நாலுதாங்க. நல்லா ஞாபகம் வந்துடுச்சு. நட்டுல மூணு. அந்த ஸ்பானர் ஒன்னு குறுக்கால நட்டு மேலயே நின்னுட்டிருந்துச்சு பாருங்க, அத எடுத்து அதுக்கு ஒன்னு வெச்சு சாமி முன்னாடி வெச்சேன். தங்கம் மாதிரின்னு சொன்னீங்களே."

கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்தேன். கைப்பிடியில் நான் காலையில் தேய்த்த சிவப்பு இன்னும் இழுபட்டிருந்தது. என் கட்டைவிரலிலும், உள்ளங்கையிலும். வியர்வை துடைத்ததில் நெற்றியிலும் இருந்ததாக டைனோ பெண் பிறகு சொன்னார். முகம் மாறாமல்தான் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை, பந்தயத்துக்குப் புறப்படும் முன், டாக்டர் காரை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். மாடியைப் பார்த்து என் மனைவியைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், நேத்து உங்க வீட்டுக்காரர் மூணு பொட்ட அழிச்சுட்டார். அது இல்லாம நான் போக மாட்டேன்."

"நீங்க சர்ச்சுக்குப் போறவராச்சே டாக்டர்," என்றேன்.

"வண்டிக்கு இருக்கு பாஸ்."

அவள் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். மூடியைக் கழற்ற நான் விடவில்லை, மூடியின் மேலேயே வைக்கச் சொன்னேன். வரிசையாக மூன்று வைத்தாள், காம்பஸ் வைத்த வட்டம். வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "இதையாவது எண்ணிக்குங்க," என்றாள்.